ஜன்னலின் உள்முகம்

ஜித்தா,
ஷஅபான் 9

அளவற்ற அருளாளன் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன். மிலான் நகரில் இருக்கும் தஹானிக்கு, உம்மா வீட்டிலிருந்து நஜ்லா எழுதுவது. ஸலாம்.

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன் நலம் வழவழப்பான தாளில், நான்கு பக்கத்துக்கு, வண்ணப் படத்தோடு என் மடிக்கே வந்துவிட்டது. முந்தாநாள் உம்மாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன். கட்டுப்பல் கடிக்கிறதாம். அங்கே காத்திருந்த நேரத்தில் கைக்கு அகப்பட்ட பத்திரிகையைப் புரட்டினேன். ஈர்க்குச்சி போல ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் கழுத்தில் வெள்ளி மாலையாக நம் வீட்டு ஜன்னல்.

முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். நம் மரச் சல்லடை ரோஷன் ஜன்னல் எங்கே போய் நிற்கிறது பார் என்று உம்மாவின் கையைக்கூடப் பிடித்துவிட்டேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். வாசற்கதவுக்கு மேலே இருந்த அரைவட்ட மரவேலை அவள் கொண்டையில் சீப்பாக நின்றது. மாடிப்படிச் சுவரில் சுண்ணாம்பில் செதுக்கியிருந்த கொடி அவள் மணிக்கட்டில் காப்பாகச் சுற்றியிருந்தது. மூன்று அடுக்காகத் தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த ரோஷனை அப்படியே மூன்று அடுக்கு அங்கியாக வெட்டி அவளுக்குப் போட்டுவிட்டிருந்தாய். மொத்த வீட்டையும் உடுத்தியாகிவிட்டது, மாடிப்படி மட்டும்தான் பாக்கி. மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: என் தாயின் ஜன்னல். கீழே உன் பெயர். முழுப் பத்திரிகையிலும் என் பெயரைத் தேடினேன், அச்சகத்தார் பெயர் வரைக்கும் படித்தேன்.

உனக்கு மறந்திருக்கலாம், அதனால் எழுதுகிறேன். வீட்டுச் சுவர் பிளந்து, காலி செய்யச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் ஒட்டிப் பதினோரு வருஷம் ஆகிறது. மாடியில் குடியிருந்த உங்கள் குடும்பம் அதற்கு முன்பே போய்விட்டது, நீயும் மிலானுக்குப் போயிருந்தாய். பெண்கள் அறையின் ரோஷனை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று உம்மா தரையில் உட்கார்ந்துகொண்டாள். தச்சனை நம்பாமல் நானே அதைக் குமிழ் குமிழாகக் கழற்றினேன். ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒரு குமிழ் இன்னொன்றின் காதில் செருகி, அது மூன்றாவதைத் தாங்கி நிற்கும் வேலை. கடல் ஈரத்தில் மரம் உப்பினால் இடம் கொடுக்கும், வெயிலில் சுருங்கினால் கிச்கிச்சென்று பேசும். எண் போட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு முகமாக நோட்டில் வரைந்து, இந்த அடுக்குமாடி வீட்டில் உம்மாவின் அறையில் திரும்பப் பூட்டினேன். இப்போது அது கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. எதிர்வீட்டு எகிப்துக்காரரின் துணிக்கொடியும் தெரியும். உம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

அந்த நோட்டிலிருந்துதான் என் வெள்ளி நகை பிறந்தது. தொண்ணூற்றாறு குமிழ், ஓரிடத்திலும் பற்றவைக்காமல், மரத்தில் செருகியது போலவே ஒன்றுக்குள் ஒன்று செருகினேன். போட்டவள் மூச்சு விட்டால் மாலையும் விடும். நான்கு வருஷ வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ போனில் அழுதாய். "நகல் வேணாம்டி. பென்சில் அழுத்தின தடம் வேணும். தலையணைக்கு அடியில வச்சுத் தூங்கிட்டுத் திருப்பி அனுப்பிடுறேன், சத்தியமா" என்றாய். நானும் கூட அழுது, மூல நோட்டையே அத்னான் அண்ணன் கையில் கொடுத்தனுப்பினேன். நீ இன்னும் தூங்கி எழவில்லை போலிருக்கிறது.

நேற்று இஃப்பத் மாமி வந்தாள். அவள் மகள் மருதாணி விழாவுக்கு என் மாலையைத்தான் போடுவதாக இருந்தது. கையில் அதே பத்திரிகை. "தப்பா எடுத்துக்காதே நஜ்லா. பொண்ணு சொல்றா, இது இத்தாலிக்காரங்க செஞ்சதாம். நகலைப் போட்டுக்கிட்டு நாலு பேர் முன்னாடி உட்கார வைக்க முடியுமா?" என்றாள். எங்கள் வீட்டு ஜன்னல் மாமி என்றேன். "எல்லாரும்தான் ஜன்னல் வச்சிருந்தோம்" என்று காபியைக் குடித்துவிட்டுப் போனாள். பேரீச்சம்பழத்தைத் தொடவில்லை.

அவள் போகட்டும். பழைய நகரக் கண்காட்சிக்கு என் நகையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்று உனக்குத் தெரியாது. வயது நாற்பத்தாறில் முதல் தடவையாக என் பெயர் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு மேல் வரப்போகிறது. இப்போது குழுத் தலைவி அஸ்ஹார் ஆள் அனுப்பியிருக்கிறாள், இது என் கற்பனைதான் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். ரமலான் இருபதோடு பட்டியல் மூடப்படும். அத்தாட்சி உன் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நோட்டை அனுப்பு. மனமில்லாவிட்டால், வரைந்தவள் நஜ்லா என்று ஒரு வரி எழுதி அனுப்பு. வேறெதையும் நான் கேட்கவில்லை.

உம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவளுக்குக் கண் மங்கிவிட்டது, பத்திரிகை தெரியாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "தஹானி போன் பண்ணாளா?" என்று கேட்கிறாள். நீ தொழுகை நேரத்தில் அழைத்து ஸலாம் சொன்னதாக நான் சொல்கிறேன். உண்மையில் நீ கடைசியாக ஸலாம் சொன்னது, நோட்டு கைக்கு வந்த வாரம்.

ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,
நஜ்லா


ஜித்தா,
ரமலான் 6

தஹானிக்கு, ஸலாம். நோன்பு உனக்கு இலகுவாக இருக்கட்டும்.

உன் பார்சல் வந்தது. நோட்டு இருக்கும் என்று அவசரமாகப் பிரித்தேன். உள்ளே பட்டுப் பெட்டியில் உம்மாவுக்கு ஒரு ஜோடிக் காதணி. அதன் அடியில் உன் கடிதம். அதற்கும் அடியில், நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்த ஒரு தாள்.

நீ எழுதியதை உன் குரலிலேயே படித்தேன், வேறு குரலில் படிக்க வரவில்லை. "அடி நஜ்லா, கோபத்துல வார்த்தையை விட்டுடாதே. உங்க கண்காட்சிக்காரங்க இங்க கம்பெனிக்கே எழுதிட்டாங்க. வக்கீல் என் உயிரை எடுக்கறார். நாம அக்கா தங்கச்சி, அது நம்ம உம்மா ஜன்னல், படம் போட்டது நான்னு ரெண்டே வரிதான். நீ கையெழுத்துப் போட்டுடு, மத்ததை நாம வீட்டுக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம்." நான் உன்னிடம் கேட்டது ஒரு வரி. நீ என்னிடம் கேட்பது இரண்டு. கணக்கில் நீ எப்போதும் கெட்டிக்காரிதான்.

ரோஷன் ஹிஜாஸ் சீமை முழுவதற்கும் பொது, காற்றுக்கும் நிழலுக்கும் யார் பத்திரம் வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. தெருவில் போகிற எவன் வேண்டுமானாலும் அண்ணாந்து பார்த்து வரையட்டும், நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் தெருவில் போகிறவன் எதைப் பார்ப்பான்? வெளிமுகத்தைப் பார்ப்பான். பூவும் நட்சத்திரமும் செதுக்கியிருப்பது வெளிமுகம். உள்முகத்தில் செதுக்கு கிடையாது. பெண்களின் முழங்கையும் பிள்ளைகளின் கன்னமும் படும் பக்கம் என்று வழவழவென்று இழைத்து விட்டிருப்பார்கள். உன் மாலையில் வெளியே தெரிவது அந்த இழைத்த முகம். பெண்கள் அறையில் பாயில் உட்கார்ந்தவளைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாய், சோறு போதவில்லை.

இடது மூலையில், கீழிருந்து நான்காவது வரிசையில் ஒரு குமிழ் குறைகிறது, அதையும் விடாமல் வைத்திருக்கிறாய். பத்திரிகைக்காரன் அதைக் கேட்டிருக்கிறான். குறையில்தான் அழகு என்று பதில் சொல்லியிருக்கிறாய். அடேயப்பா! அந்தக் குறை எப்படி வந்தது என்று அவனிடம் சொன்னாயா? எதிர்வீட்டுக் கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை முகம் தெரியவில்லை என்று ஒன்பது வயதில் நீ முறுக்கிப் பிடுங்கியது அது. "நீ பண்ணினேன்னு சொல்லுடி, என்னை மாடிக்கு அனுப்பிடுவாங்க" என்று என் கையில் குமிழைத் திணித்தாய். நான் சொன்னேன். அந்தப் பெருநாளுக்கு நீ ஊஞ்சலுக்குப் போனாய். நான் அறைக்குள் உட்கார்ந்து அந்த ஓட்டை வழியாக நீ ஆடுவதைப் பார்த்தேன். ரோஷனைத் திரும்பப் பூட்டியபோது அந்தக் குமிழ் என்னிடம் இருந்தது, வைத்துவிடலாம் என்றேன். "இருக்கட்டும், காத்து வருது" என்றாள் உம்மா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது தொழில்காரியாகச் சொல்வது. உன் மாலையைப் பற்றுப்பொடி வைத்து ஊதி ஒட்டியிருக்கிறாய், படத்திலேயே தெரிகிறது. குமிழுக்குக் குமிழ் அசைவே இல்லை. என் நோட்டில் பதினேழாம் பக்கத்தில், ஒட்டினால் செத்துவிடும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். திருடியவள் முழுசாகவாவது படித்திருக்கலாம் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பால் உறவைப் பற்றி எழுதியிருக்கிறாய். உன் தாய்க்குப் பிரசவக் காய்ச்சல் கண்ட நாற்பது நாளும் உம்மாவின் மார்பில் ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான். நான் மறுக்கவில்லை. அந்தப் பாலால்தான் என் அண்ணன் முன்னால் நீ முக்காடு இல்லாமல் நடந்தாய். அந்தப் பாலால்தான் அத்னானுக்கு உன்னைப் பெண் கேட்க முடியாமல் போனது, அவனும் வாயைத் திறக்காமல் வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். ஆனால் மார்க்கம் தெரிந்த யாரையாவது கேட்டுப் பார். பால் குடித்தால் உறவு வரும், வாரிசுரிமை வராது. குடித்த வீட்டுக்கு நீ செய்திருப்பதற்கு இரண்டகம் என்று பெயர். இதற்கு வேறு நல்ல சொல் இருந்தால் நீயே சொல்.

காதணியை ஒளித்து வைக்கத்தான் நினைத்தேன். பெட்டி திறந்த சத்தம் உம்மாவுக்குக் கேட்டுவிட்டது. மடியில் வாங்கி வைத்து, பெருவிரலால் மெல்லத் தடவினாள். தடவிக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்றது.

"நம்ம ஜன்னலு. உள்பக்கம்" என்றாள். "இது தஹானி பிடுங்கின இடம்."

நான் பிடுங்கியது உம்மா, என்னைத்தானே தண்டித்தாய் என்றேன். முப்பத்தேழு வருஷத்துக்குப் பிறகும் உன்னைக் காட்டிக்கொடுக்க என் நாக்கு வரவில்லை பார். உம்மா சிரித்தாள். "அன்னைக்கு ராத்திரி அவ விரல்ல ஏறின சிராயை ஊசி வச்சு எடுத்தவளே நான்தானே."

தெரிந்துமா என்னை ஊஞ்சலுக்கு விடவில்லை என்று கேட்டேன். கத்தினேன் என்றே சொல்லலாம். அவள் காதணியை மூடி வைத்தாள். "அடுத்த வீட்டுப் புள்ளையை நான் எப்படி அடிப்பேன்? பெத்ததைத்தான் அடிக்க முடியும்" என்றாள். இதைச் சொல்லிவிட்டு, நோன்பு திறக்க ஸோபியா பானம் வாங்கி வந்தாயா என்று கேட்டாள். எல்லாவற்றையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். பத்திரிகை, நோட்டு, இஃப்பத் மாமி, கண்காட்சி. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

உன் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. உன் பென்சில் புள்ளியை மட்டும் ரப்பரால் அழித்துத் திருப்பி வைத்திருக்கிறேன். பதினேழாம் தேதி குழுவினர் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உம்மாவையும் விசாரிப்பார்களாம். பதினொரு நாள் இருக்கிறது. விமானத்தில் வரும் தபால் மூன்று நாளில் வந்துவிடும். இன்னும் உன்னிடம் கேட்கிறேன் பார், என்னைப் போன்ற ஒரு முட்டாளை மிலானில் நீ பார்த்திருக்க மாட்டாய்.

நஜ்லா


ஜித்தா,
ஷவ்வால் 2

அன்புள்ள தஹானிக்கு,

பெருநாள் வாழ்த்து. அல்லாஹ் உன் நோன்பை ஏற்றுக்கொள்ளட்டும்.

உன் தபால் வரவில்லை. பதினாறாம் தேதி மாலை வரைக்கும் வாசலில் கார் நின்றால் எட்டிப் பார்த்தேன். வந்ததெல்லாம் எகிப்துக்காரரின் மருமகன்.

நடந்ததை நீ வக்கீல் வாயால் கேட்டிருப்பாய். வக்கீல் சொல்லாமல் விட்டிருப்பதை நான் எழுதுகிறேன். அன்று உம்மா பெட்டியிலிருந்து நல்ல அபாயா அங்கியை எடுக்கச் சொன்னாள். பிறகு உன் காதணியைக் கேட்டாள். வேண்டாம் உம்மா, அதைப் போட்டுக்கொண்டு அங்கே போகாதே என்று கெஞ்சினேன். "என் பொண்ணு அனுப்பினது, எப்பப் போடுறது? கஃபன் துணியோட குழிக்குள்ளயா?" என்றாள். பிடிவாதம் தெரியுமே. கனம் தாங்காமல் காது மடல் தொங்கியது. முக்காட்டுக்குள்ளே இருந்ததால் வேறு யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

அஸ்ஹார் மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள், குறை சொல்ல முடியாது. என் மாலையைக் கருப்புத் துணியில் பரப்பி வைத்திருந்தார்கள். பக்கத்தில் உன் கம்பெனி அனுப்பிய படங்கள், பதிவு எண்ணோடும் தேதியோடும். நான் என்னிடமிருந்த நகல் தாள்களைக் கொடுத்தேன். இதில் தேதி எங்கே என்றார்கள். மூல நோட்டில் இருக்கிறது என்றேன். மூல நோட்டு எங்கே என்றார்கள். நீ தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாய் என்று சபையில் எப்படிச் சொல்வது?

அப்புறம் உம்மாவைக் கேட்டார்கள். "தாயே, மிலான்ல இருக்கிற தஹானி உங்க மகளா?"

"என் பால் குடிச்சவ. மகதான்."

"அப்போ என் தாயின் ஜன்னல்னு அவங்க சொன்னது பொய் இல்லையே?"

உம்மா பதில் சொல்லுமுன் நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். "பொய் இல்ல" என்றாள்.

எழுத்தர் எழுதிக்கொண்டான். வரைந்தது யார் என்று அவர்கள் கேட்கவே இல்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் பழக்கம் உம்மாவுக்கு எப்போதும் கிடையாது. நான் எழுந்து, என் மாலையை எடுத்து மூச்சு விடுவது போல ஆட்டிக் காட்டினேன். உன் படத்தில் இருப்பது ஆடாது, இது ஆடும், ஒட்டத் தெரிந்தவள் வேறு, செருகத் தெரிந்தவள் வேறு என்றேன். அஸ்ஹாருக்குப் புரிந்தது என்றே நினைக்கிறேன். என் மாலையை அவள் இரண்டு கையிலும் ஏந்தித்தான் திருப்பிக் கொடுத்தாள். ஆனாலும் பட்டியல் பட்டியல்தான். இருபதாம் தேதி என் பெயர் இல்லாமல் ஒட்டினார்கள். அதற்குக் கீழே நின்று ஒரு தடவை படித்துவிட்டு வந்தேன்.

டாக்ஸியில் உம்மாவோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. இரண்டு நாள் சோறு வைத்தேன், மருந்து கொடுத்தேன், பேசவில்லை. நீ ஏமாற்றியதை என்னால் தாங்க முடிந்தது தஹானி. நீ தொலைவில் இருக்கிறாய், உன்மேல் கோபப்பட இடம் இருக்கிறது. பக்கத்து அறையில் தூங்குகிறவள் சபையில் என் கையை உதறியது வேறு மாதிரி வலித்தது.

மூன்றாம் நாள் அவளே பேசினாள். "நஜ்லா, நான் பொய் சொல்லியிருக்கணுமா?" என்றாள். ஆமாம் என்றேன். அப்படியே சொன்னேன், ஆமாம், எனக்காக ஒரே ஒரு தடவை. "குடுத்த பாலைத் திருப்பி எடுக்க முடியாதுடி. அவ எடுத்துக்கிட்டது களவுதான். களவு செய்யற மகளும் மகதானே? என்னன்னு நான் இல்லைன்னு சொல்லுவேன்?" என்றாள். பிறகு காதணியைக் கழற்றச் சொன்னாள். காது புண்ணாகியிருந்தது. நான் எண்ணெய் தடவிவிட்டேன். அந்தக் கணத்தோடு எங்கள் சண்டை முடிந்தது என்று வைத்துக்கொள்.

நேற்றுப் பெருநாளுக்குத் திப்யாஸா இனிப்பு கிளறினாள். ஆப்ரிகாட் பழ வில்லையை ஊற வைத்ததும் பருப்பு வறுத்ததும் நான். ஆனால் பதம் பார்க்க அவள் விரல்தான் வேண்டும். கிண்ணங்களில் ஊற்றியபோது ஒரு கிண்ணம் அதிகமாக இருந்தது. மேலே பாதாம் அடுக்கி மூடி வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. குளிர்பெட்டியில் முன்வரிசையில் இருக்கிறது. தயிர் எடுக்கப் போனாலும் கண்ணில் படுகிறது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இஃப்பத் மாமியின் மகள் லுஜைன் தானே வந்தாள். நம் இரண்டு மாலையையும் கழுத்தில் போட்டுப் பார்த்தாளாம், உன்னுடையதை யாரோ துபாயிலிருந்து கொண்டு வந்திருந்தார்களாம். "அது கழுத்துல உட்கார்ந்திருக்கு அக்கா, இது கூடவே வருது. எனக்கு இதுதான் வேணும், அம்மா கெடக்கறாங்க" என்றாள். மருதாணி விழாவில் அவள் அதைத்தான் போடுவாள். கண்ணாடிப் பெட்டி இல்லை, பெயர்ச்சீட்டு இல்லை. ஒரு பெண் மூச்சு விடுவாள், அவ்வளவுதான்.

நோட்டை இனி அனுப்ப வேண்டாம். ஒரு வரியும் வேண்டாம். நீயே வைத்துக்கொள், பதினேழாம் பக்கத்தை மட்டும் எப்போதாவது படி.

ஆனால் ஒன்றைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். உன் பேட்டியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் தாய், என் தாய் என்று பதினான்கு இடத்தில் சொல்லியிருக்கிறாய். எண்ணினேன். அவள் பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுக்கும் விரலைப் பற்றி எழுதியிருக்கிறாய், ரோஷன் வழியே அவள் கன்னத்தில் விழுந்த வெளிச்சத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான்கூட அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை, அதைப் படித்துவிட்டு அழுதேன். உலகம் முழுவதற்கும் அவளைத் தாய் என்று சொல்லிவிட்டாய். அவளிடம் சொல்லவில்லை. சபையில் அவள் உன்னைத் தன் மகள் என்று சொன்ன பிறகாவது போன் வரும் என்று இருந்தேன். பெருநாள் காலை முழுக்கப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணி விற்கிறவன் அழைத்தான்.

மூன்று வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் உன் பெயரில் நான் ஸலாம் சொல்லி வருகிறேன். நூற்றைம்பது தடவைக்கு மேல் இருக்கும். நகையை எடுத்துக்கொண்டாய், என் பெயரை எடுத்துக்கொண்டாய், அதையெல்லாம் விட்டுவிட்டேன். இந்தப் பொய்யை மட்டும் இனி உனக்காக என்னால் சுமக்க முடியாது. வருகிற வெள்ளிக்கிழமை "தஹானி போன் பண்ணாளா?" என்று அவள் கேட்கும்போது நான் உண்மையைச் சொல்லப் போகிறேன். அந்த உண்மை என்னவாக இருக்க வேண்டும் என்பது உன் கையில்தான் இருக்கிறது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ரோஷன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். எண் மாறவில்லை.

இந்த உறைக்குள் கனமாக இருப்பது அந்தக் குமிழ். முப்பத்தேழு வருஷம் என் ஊசிப் பெட்டியில் கிடந்தது. நீ பிடுங்கியது, உனக்குச் சேர வேண்டியது. நம் வீட்டில் இதைத் தவிர உன்னுடையதென்று வேறு எதுவும் இல்லை. இல்லை, தப்பு. குளிர்பெட்டியில் ஒரு கிண்ணம் இருக்கிறது.

குமிழின் ஓரத்தில் இன்னும் சிராய் இருக்கிறது, பார்த்துத் தொடு. ஊசி வைத்து எடுப்பவளுக்கு இப்போது கண் தெரியாது. அல்லாஹ் உன் விரல்களைக் காக்கட்டும்.

உம்மாவின் இன்னொரு மகள்,
நஜ்லா